மூட்டு தெரியாத ஓடுபாதை

விமான நிலையத்தில் அவருக்கு மட்டக்கோல் என்று பட்டப்பெயர். ஓடுபாதையின் மேடுபள்ளத்தை அளப்பது வேலை. வீட்டில் மேசை ஆடினால்கூடக் காலடியில் காகிதம் மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். "சாப்பாடு ஆறினாலும் பரவாயில்ல, மேசை சாயக்கூடாது, அப்படித்தானே?" என்பாள் மனைவி.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் விமானிகளிடமிருந்து புகார் வந்தது. மேலெழ வேகமெடுக்கும்போது முன்பக்க மூக்குச் சக்கரம் உதறுகிறதாம். மூன்று மீட்டர் நேர்ச்சட்டத்தை வைத்து ஒவ்வொரு கான்கிரீட் பலகையாகப் பார்த்தார். எங்கும் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. விதிப்படி குறையே இல்லை.

அவர் விடவில்லை. வாரம் ஒருமுறை பாதை மூடும் இரண்டு மணி நேரத்தில், மட்டக்கருவி வைத்து அரை மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தார். ஏழு வாரத்தில் எழுநூறு மீட்டர். அளவுகள் எழுதிய நோட்டை மகளிடம் கொடுத்தார். விமானச் சக்கரக் கால்களின் சுமையைக் கணக்கிடுவது அவள் தொழில்.

அளவுகளை வரைந்து பார்த்தாள். ஐம்பது மீட்டருக்கு ஒரு மேடு, இரண்டு விரல் உயரம்; மூன்று மீட்டர் சட்டத்துக்குச் சிக்காத அளவுக்கு நீண்ட சரிவு. மொத்தம் பதினான்கு.

"தனியா ஒரு மேடு ஒண்ணும் பண்ணாதுப்பா. ஆனா அந்த வேகத்துல விநாடிக்கு ஒண்ணு வருது. விமானம் குதிக்கிற தாளமும் அதேதான். ஊஞ்சல் வர்றப்பல்லாம் தள்ளினா?"

"ஏறிக்கிட்டே போகும்."

"மூக்குச் சக்கரக் கால்ல சுமை ஒண்ணேகால் மடங்குக்கு மேல. என்னைக்காவது விரிசல் விடும்."

அவர் படத்தில் ஒரு மேட்டிலிருந்து அடுத்ததுக்கு விரலை ஓட்டினார். "ஐம்பது மீட்டர்ங்கிறது ஒருநாள் வார்ப்பும்மா. மட்டம் பிடிச்சது நான்."

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. மாலையில் வார்ப்பு முடியும் முனை சற்று உயர்ந்து நிற்கும். காலையில், சரியான உயரம் குறித்து நட்டிருந்த ஆதாரக்கல்லிலிருந்து மட்டம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவர் நேற்றைய முனைக்கே மட்டம் பிடித்து, மெல்ல இறக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் வார்ப்புக்கு நடுவே மூட்டே தெரியவில்லை. அதற்காகத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

விதிப்படி சரியாக இருக்கும் பாதையில் நிர்வாகம் கை வைக்காது. தவறு எங்கே பிறந்தது என்று யாராவது எழுத்தில் தர வேண்டும். எழுதிக்கொண்டு போனார். இளம் அதிகாரி தலையில் கை வைத்தார்.

"யார் போட்டதுன்னே யாருக்கும் தெரியாது அண்ணே. ஓய்வு பெறப்போற நேரத்துல வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க."

"இருபது வருஷமா மடியிலதான் சார் இருக்கு."

கையெழுத்துப் போட்டார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கூடவே சீவும் எந்திரமும் வந்தது. ஒவ்வொரு மேட்டையும் சீவியபின் தானே அளந்து நோட்டில் எழுதினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதற்கு முந்தின நாள், காலைக் குளியலுக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடுத்த வாரம் பாதை மூடியபோது, அனுமதி வாங்கி மகள் போய் நின்றாள். கையில் அவர் நோட்டு. அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

"பக்கத்துலயே அப்பா சரிபார்த்த மேடு இருக்கேம்மா. அதுலேருந்தே மட்டம் எடுத்துக்கலாமே?"

"இல்ல சார். கல்லுலேருந்தே எடுத்துக்கறேன்."

மட்டக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த கல்லை நோக்கி நடந்தாள்.