கடைசியாகக் கை வைத்தது யார்?

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆராய்ச்சியில் இருக்கிறேன். எங்கள் குவாண்டம் சில்லுகளை விண்வெளியைவிடக் குளிராக வைக்கும் இயந்திரம் ஒருநாள் குளிரவே மறுத்தது. புதிதாகச் சேர்ந்த கலைவாணி மாட்டிய குழாயில்தான் வாயு கசிகிறது என்று ஆய்வகத் தலைவருக்கு மெயில் அனுப்பிவிட்டு, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் இடம் போதவில்லையென்று அம்மாவின் கடை ஃபிரிட்ஜைச் சுவரோரமாகத் தள்ளினேன். மாலைக்குள் குளிர்ச்சி போய்விட்டது. மறுநாள் கிரிவலக் கூட்டம் வரும்.

மெக்கானிக் வந்ததும், "கடைசியா யாருங்க இதுல கை வச்சது?" என்றார்.

"நான்தாங்க, நகர்த்தினேன்."

பின்னால் நசுங்கியிருந்த குழாயில் சோப்பு நுரை தடவினார். அங்கேயே குமிழி வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆய்வகத்திலும், கலைவாணி மாட்டிய பிறகு அதே குழாயைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது நான்தான். உடனே கலைவாணிக்குப் போன் செய்து, "நான் மாட்டின இடத்தைப் பாருங்க" என்றேன்.

"நேத்தே பார்த்து இறுக்கிட்டேங்க. குளிர ஆரம்பிச்சிடுச்சு."

"தலைவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"சரியாயிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்."

கலைவாணி சொல்லாமல் விட்டதை, தவறு என்னுடையதுதான் என்பதை, அன்றே தலைவருக்கு எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான், இந்த வேலைக்கு நான் லாயக்கு என்று எனக்கே தோன்றியது.