ஏழு தொப்பியும் ஒரு நைட்டியும்

பட்டறையில் அவளுக்கு வெடியக்கா என்று பெயர். பஸ்ஸுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கும் இடம் அது. எல்லா மெஷின்களும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அவள் கத்தினால் மட்டும் தெருமுனை வரை கேட்கும். ரெக்சினைக் கோணலாக வெட்டிக் கொடுத்தால் வெட்டியவன் தொலைந்தான். முதலாளிகூட அவள் மெஷின் பக்கம் வருமுன் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவார்.

வீட்டில் அதே ஆள் வாயைத் திறக்க மாட்டாள். புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் போனபிறகு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அங்கே அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை என்று எப்படியோ மனதில் பதிந்துபோயிருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும், அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாரும் சொல்லாமலே அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. காலையில் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடுவாள். மதியச் சாப்பாட்டை அண்ணி கட்டிலருகே வைத்துவிட்டுப் போவாள். அவர் இடக்கையால் அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான்.

"புள்ளைங்களுக்கு லீவு விடுறாங்க. எங்கயாவது கடலோரமா ரெண்டு மூணு நாள் போய்ட்டு வரலாம், எல்லாருமா" என்று அண்ணன் சொன்னபோது, அவள் அந்த 'எல்லாருமா'வை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

இடம் பார்த்தது அவள். வெயிலும் தென்னையுமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். ஹோட்டலுக்குப் போன் போட்டு, கீழ்த்தளத்தில் அறைகள் வேண்டும், வாசலில் படி இருக்கக்கூடாது என்று பேசி முடித்தவளும் அவளே. பட்டறைக்கு வரும் வேன்காரர் ஒருவரைப் பிடித்து, பின்சீட்டைக் கழற்றிவிட்டால் சக்கர நாற்காலி நிற்குமா என்று அளந்து பார்த்தாள். வளைவில் அப்பா சரியக்கூடாதே என்று கெட்டியான ஃபோமில் ஒரு மெத்தை தைத்து, இடுப்புக்குப் பட்டையும் வைத்தாள். வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணி கடைக்குப் போய்விட்டு வந்தாள். கூடத்தில் பையைக் கவிழ்த்தாள். அகலமான ஓலைத் தொப்பிகள். பிள்ளைகளுக்கு, அண்ணனுக்கு, தனக்கு, கூட வரப்போகும் தன் தங்கை குடும்பத்தில் மூன்று பேருக்கு. ஏழு தொப்பி. கடைசியாக ஒரு பூப்போட்ட நைட்டியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இது உனக்கு. நல்ல காட்டன். வீட்டுல போட்டுக்க வசதியா இருக்கும்."

"எனக்குத் தொப்பி?"

"வீட்டுக்குள்ள எதுக்கு தொப்பி?" அண்ணி சிரித்தாள். "நீ அப்பாகூடத்தானே இருக்கப்போற."

"அப்பாவும்தானே வர்றாரு?"

அண்ணன் டிவியை நிறுத்தினான். "அவரை எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? பாத்ரூம், மாத்திரை, தூக்கு, இறக்கு. போன இடத்துல எல்லாருக்கும் மூடு போயிடும்."

"அப்ப எதுக்கு என்னைக் கீழ்த்தள ரூம் பாக்க விட்ட?"

"நானா பாக்கச் சொன்னேன்? நீயாதான் பாத்த. சரி, ஆசையா பண்றியேன்னு விட்டுட்டேன்."

ஆசையாகப் பண்ணுகிறாளே என்று விட்டுவிட்டானாம்! அவள் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொதித்தது. நைட்டியைச் சுருட்டி வீசினாள். அது சுழன்று போய் ஃபேனுக்குக் கீழே விழுந்தது.

"நான் மனுஷியா இல்ல இந்த வீட்டுக் கதவுல தொங்குற பூட்டா? நீங்க போகும்போதெல்லாம் மாட்டிட்டுப் போறதுக்கு?"

பட்டறைக் குரல். அந்த வீட்டுச் சுவர்கள் முதல்முறையாக அதைக் கேட்டன. சின்னப் பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

"எதுக்கு இப்ப கத்துற? அக்கம்பக்கத்துல..."

"கேக்கட்டும்! எல்லாரும் வந்து கேக்கட்டும்! உன் பொண்டாட்டியோட தங்கச்சிக்கு வேன்ல இடம் இருக்கு. உன்னைப் பெத்தவருக்கு இல்ல. அவரோட பீத்துணி துவைக்கிறவளுக்கும் இல்ல."

உள்ளறையிலிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது. அப்பா டம்ளரால் கட்டில் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். மூவரும் ஓடினார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கல்லை நகர்த்துவதுபோல் வந்தன.

"என்னை... யாருடா... கேட்டீங்க?"

"பாத்தியா, அப்பாவே..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

அவர் கண் மகள் பக்கம் திரும்பியது. "நீயும்... கேக்கல."

அவளுக்குச் சுருக்கென்றது. "கேட்டிருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னு. அந்த வெயில்ல... வேன்ல... கட்டிப் போட்டு..." மூச்சு வாங்கினார். "நீ போ." பிறகு இடக்கையைத் தூக்கி மகனைக் காட்டினார். "இவன்... இருக்கட்டும்."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லப்பா. ட்ரிப்பையே கேன்சல் பண்ணிடலாம்."

"பண்ணு" என்றாள் அவள். "வேன்காரர்கிட்ட நீயே சொல்லு. ஹோட்டல்ல நீயே சொல்லு. புள்ளைங்ககிட்டயும் நீயே சொல்லு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அதோடு அண்ணன் கதை முடிந்தது; அப்பாவோடு வீட்டில் தங்குவது அவன்தான் என்று ஆனது.

வழிநெடுக அண்ணி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. தங்கை வீட்டார் நிலைமை புரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஹோட்டல் வாசலில் வேன் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது ஐந்து படி. மேனேஜர் கைகட்டிச் சிரித்தபடி, கீழ்த்தள அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாம் மாடியில் காற்று நன்றாக வரும் என்றார். லிப்ட் வேலை செய்யவில்லை.

"பரவாயில்ல, மாமாதான் வரலையே" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "படி இல்லைன்னு சொன்னீங்களா இல்லையா? கீழ ரூம் தர்றேன்னு சொன்னீங்களா இல்லையா? நடக்க முடியாதவரை நம்பிக் கூட்டிட்டு வந்திருந்தா இப்ப நீங்களா தூக்கிட்டுப் போவீங்க?" வரவேற்பறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மேனேஜர் சார் என்பதா மேடம் என்பதா என்று தெரியாமல் உளறினார். கொஞ்ச நேரத்தில் கீழ்த்தள அறைச் சாவிகள் மேஜைக்கு வந்தன.

அண்ணி வாயைப் பிளந்து நின்றாள். "இப்படியெல்லாம் பேசுவியா நீ?"

"இதைவிட நல்லாவே பேசுவேன்."

கடல் அவளைச் சாந்தப்படுத்தவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அலை வந்து மோதும்போதெல்லாம் அவளும் காலால் ஒரு எத்து எத்தினாள். ஊர் உலகத்தில் எவனெவனோ அவள் தைத்த சீட்டில் உட்கார்ந்து இங்கே வந்து போயிருக்கிறான் என்ற நினைப்பு வேறு எரிச்சலைக் கிளப்பியது. போன் அடித்தது. அண்ணன்தான்.

"அப்பா என்னவோ சொல்றாரு, எனக்குப் புரியல. எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும்?"

"அவரையே கேளு. அவருக்கு வாய் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள். மறுபடி அடித்தது. துண்டு எங்கே, சாப்பாட்டுக்கு முன் மாத்திரை எது என்று. மாத்திரை விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னாள்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம்தான் கண் விழித்தாள். யாரும் எழுப்பவில்லை. வெளிச்சம் சாய்ந்திருந்தது. இப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தாள், விடை தெரியவில்லை. தூக்கம் கூடத் தன்னிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது என்று உறைத்ததும் அடங்கியிருந்த கோபம் மறுபடி மூண்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு தனியாகவே கடற்கரைக்குப் போனாள். இருட்டும்வரை மணலில் உட்கார்ந்திருந்தாள். சுட்ட மீன் வாங்கி யாருக்கும் கொடுக்காமல் முழுதாகத் தின்றாள்.

பயணம் முடிந்து வீடு திரும்பியபோது அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அப்பா சுத்தமாக இருந்தார், சட்டைப் பொத்தான்கள் மட்டும் மாறி மாறிப் போடப்பட்டிருந்தன. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

"எது எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று எரிந்து விழுந்தான்.

"இந்த வீட்டுலதானே நீயும் இருக்க?" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

அண்ணி அவளிடம் சரியாகப் பேச மாதக்கணக்கில் ஆனது. அதற்காக அவள் கவலைப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள், எங்கே போகிறாள் என்று சொல்வதில்லை. அன்றைக்கு அப்பாவைப் பார்ப்பது அண்ணன் பொறுப்பு. குளிப்பாட்டுவான், முகம் மழித்துவிடுவான். அவன் கை முரட்டுக் கை. திரும்பி வந்ததும் அப்பா தாடையில் விழுந்த கீறலைத் தொட்டுக் காட்டுவார்.

"வலிக்குதும்மா."

"அவன்கிட்டயே சொல்லுங்கப்பா" என்பாள் அவள்.

அவர் சொன்னார். அடுத்த ஞாயிறு அண்ணன் புது பிளேடு வாங்கி வந்தான், வாங்கிய கையோடு வீடு முழுக்கச் சத்தமும் போட்டான்.