புரட்டாசியில் ஒரு பனிக்காலம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மரத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன்.

கீரைக்கட்டு இல்லை. கறிவேப்பிலைக் கொத்து இல்லை. வேர், மண், சட்டி சகிதம் உயிரோடு இருந்த மரம். வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டவன் மாதிரி, அடுப்படிப் பக்கம் திரும்பி "உஷ்...!" என்று வேறு சொன்னேன். அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாங் காலியிலிருந்து எனக்குத் தவறாமல் ஃபோன் செய்யும் வாசகர் ஒருவர் இருக்கிறார். பத்திரிகையில் என் வாரப் பத்தியைப் படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார் – "சார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" இந்த வாரம் அவர் சிரமப்பட வேண்டாம். இல்லை ஐயா. இருந்திருந்தால் அந்த மரம் பிழைத்திருக்கும்.

ஆமாம்... செத்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பார்ப்போம், சிரிப்பு எதுவரைக்கும் கூட வருகிறதென்று.

மரம் என்னுடையது இல்லை. என் மகள் மலருடையது. கனடாவுக்கு வேலைக்குப் போவதற்கு முன் தோழிகளோடு கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவள், அங்கே ஒரு நர்சரியில் அதைப் பார்த்து மயங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜப்பான் மேப்பிள். முழங்கை உயரம். விரித்த உள்ளங்கை மாதிரி குட்டிக் குட்டி இலை. அதைத் தட்டையான சட்டிக்கு மாற்றி, வேரைக் கத்தரித்து, கிளைகளில் கம்பி சுற்றி வளைத்து, போன்சாய் ஆக்கத் தொடங்கினாள். பாதியில் விசா வந்துவிட்டது.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க. ப்ளீஸ்."

என்னைப் பெற்றவர்களுக்குக்கூட என்னைப் பற்றி இவ்வளவு தெரியாது.

முதல் முறை விடுமுறையில் வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கியவள், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றவில்லை. நேராக மரத்திடம் போனாள். மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"என்னப்பா இது, சட்டியில மீன் வளக்குறீங்களா?"

தொடங்கியது திட்டு. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே திட்டினாள். குளித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன் – முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாதே என்று! ஃபோனில் அவள் திட்டுவதே இல்லை. "சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரிப்பா, மீட்டிங்..." ஃபோனில் அவள் ரொம்ப நல்ல பெண். எனக்கு அந்தப் பெண்ணை அவ்வளவாகத் தெரியாது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மரம் உயிரோடு இருக்கும்வரை இவள் வந்துகொண்டிருப்பாள்.

என் மனைவி பார்வதியிடம் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மரத்தப் பாக்க வருவா... நம்மளப் பாக்க வரமாட்டாளா?"

நான் எழுந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். ஏற்கெனவே ஊற்றியிருந்தேன்.

இந்தத் தீபாவளிக்கு வருவதாக மலர் சொல்லியிருந்தாள். "டிக்கெட் போட்டாச்சாம்மா?" என்று கேட்பேன். "பாத்துக்கிட்டு இருக்கேன்பா" என்பாள். வாரா வாரம் இதே கேள்வி... இதே பதில். டிக்கெட்டை இவ்வளவு நேரம் பார்ப்பவர்களை நான் கண்டதில்லை.

மரமோ மெலிந்துகொண்டே வந்தது. இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டிய காகிதம் போல் கருகியது. ஆனால் விழவில்லை. கருகிய இலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே இன்னோர் இலை சோகையாக எட்டிப் பார்த்தது. மேப்பிள் என்பது இலையுதிர் மரம். இலையையெல்லாம் கொட்டிவிட்டு, குளிரில் ஒரு நீண்ட தூக்கம் போட்டு எழுந்தால்தான் அடுத்த வருடம் துளிர்க்கத் தெம்பு வரும். கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் இருப்பதோ இரண்டே பருவம். ஒன்று வெயில். இன்னொன்று, மழை பெய்து ஓய்ந்த வெயில். பாவம், லீவே இல்லாமல் நைட் ஷிப்ட், டே ஷிப்ட் என்று மாறி மாறிப் பார்ப்பவன் மாதிரி அது நின்றுகொண்டிருந்தது.

இது இங்கே பிழைக்காது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதற்கும் காரணம் உண்டு. நான் எஸ்டேட்டில் பிறந்தவன். நாங்கள் பார்க்காத இலையுதிர் காலமா? வருடத் தொடக்கத்தில் ரப்பர் காடு முழுக்கச் செம்பு நிறமாகி, மொத்தமாகக் கொட்டி, மொட்டையாக நிற்கும். யாரும் ஃபோட்டோ எடுத்ததில்லை. அழகு என்று சொன்னதும் இல்லை. "பாலு இறங்கல" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ரப்பரும் எங்கோ கடல் தாண்டி வந்த மரம்தானே? அதில் பால் வெட்ட வந்தவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தானே? இரண்டும் பிடித்துக்கொண்டன. அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு திமிர் – எதை எங்கிருந்து பிடுங்கி எங்கே நட்டாலும் வேர் விடும் என்று.

இந்தத் திமிரோடுதான் சுப்ராவுக்கு ஃபோன் செய்தேன். சுப்ரா ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் போன்சாய் வாட்ஸ்அப் குழுவில் யார் மரத்துக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன்தான் டாக்டர்.

"அண்ணே, அதுக்கு வின்டர் வேணும்."

"கோல சிலாங்கூர்ல வின்டருக்கு எங்கப்பா போறது?"

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குல்ல?"

"விளையாடாத லா."

"சத்தியமாண்ணே! வெளிநாட்டுல செய்றாங்க. வீடியோ அனுப்புறேன், பாருங்க."

பார்த்தேன். அந்த வீடியோவில் இருந்தவர் குளிர்ப் பிரதேசத்துக்காரர். அவர் மரம் முன்பே இலை கொட்டிப் பாதித் தூக்கத்தில் இருந்தது. அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. கதவைத் திறந்தார், வைத்தார், சாத்தினார் – இதை மட்டும் நன்றாகக் கவனித்தேன்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இரண்டு. பழையது மீனுக்கு. மீன்பிடி ஊரான ஜெராமுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீனுக்குத் தனி ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் எப்படி? ஆனால் புரட்டாசி பிறந்தால் வீடு சுத்த சைவம். பார்வதி அந்த ஃப்ரிட்ஜைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவாள். மாதம் முழுக்க அது வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும். எனக்குப் பொறி தட்டியது. ஆஹா... என் வீட்டிலேயே வருடத்துக்கு ஒரு மாதம் பனிக்காலம் சும்மா கிடக்கிறதே!

மீசை வெட்டும் கத்தரிக்கோலால் இலைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். தானாக உதிராததை நான் உதிர்த்தேன். பிறகு, மத்தியான வெயிலில் நின்றிருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

"ஏங்க... மனுஷன் செய்ற காரியமா இது?"

"பெருமாள் மாசம் பாரு. ஒரு உயிரக் காப்பாத்துறேன்."

"செய்றதையும் செஞ்சிட்டு பெருமாள எதுக்கு இழுக்குறீங்க?"

அப்புறம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தூங்குகிறதா என்று கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். தூங்குகிறவனை இப்படி எழுப்பி எழுப்பி "தூங்குறியா?" என்று கேட்டால் என்ன ஆகும்? பார்வதியின் தங்கை ஒருநாள் வந்து அந்த ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, "அக்கா, முருங்கக் குச்சிய எதுக்கு சட்டியோட வச்சிருக்க?" என்றாள். "மாமாவக் கேளு" என்று பதில் வந்தது. மாமா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

புரட்டாசி சனிக்கிழமைப் படையல் முடிந்ததும் மிஞ்சிய ஆப்பிளையும் ஆரஞ்சையும் பார்வதி அதே ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். "மரம் தனியா இருக்குல்ல, துணைக்கு இருக்கட்டும்" என்றாள். நானும் தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

புரட்டாசி முடிந்தது. தீபாவளிக்கு ஆட்டிறைச்சியும் மீனும் வந்து இறங்க வேண்டும், இடத்தைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு. எங்கள் பனிக்காலம் முடிந்த விதம் அப்படி. மரத்தை வெளியே எடுத்து நிழலில் வைத்தேன். அடுத்தடுத்த நாள்களில்... நம்புவீர்களா? நுனிக் கிளையில் இரண்டு மொட்டு. அரிசி பருமனுக்குச் சிவப்பாக!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார். ஃபோட்டோ எடுத்து மலருக்கு அனுப்பினேன். ஒரு சிவப்பு இதயம் திரும்பி வந்தது. பார்வதி மலரின் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டாள். முறுக்கு அச்சைத் தேடி எடுத்தாள். "டிக்கெட்?" என்று கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கேன்பா."

மொட்டு விரியவில்லை. சிவப்பு பழுப்பானது... பழுப்பு கறுப்பானது. அந்தக் கறுப்பு கிளை வழியாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

சுப்ராவைக் கூப்பிட்டேன். "பட்டைய நகத்தால லேசா கீறிப் பாருங்கண்ணே. பச்சையா இருந்தா உயிர் இருக்கு" என்றான். கீறினேன். பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே கீறினேன். இல்லை. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை... கடைசியில் கீற இடமே மிச்சமில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே, இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன்.

"ஃப்ரிட்ஜுல பக்கத்துல பழம் எதுவும் வைக்கலல்ல அண்ணே?"

"ஆப்பிள் இருந்துச்சு."

"ஐயோ! ஆப்பிள் விடுற காத்து பட்டா மொட்டு செத்துரும் லா!"

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா?"

"மரத்துக்கு ஆப்பிளத் துணைக்கு வைப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பார்வதியின் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"நான் வச்ச ஆப்பிளாங்க?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் எதற்கெடுத்தாலும் அவள் மேல் பழி போட்டு ஜோக்கடித்திருக்கிறேன். இந்தப் பத்தியிலேயே எத்தனை வாரம்! இந்த ஒரு முறை ஜோக் வரவில்லை.

"இல்ல பார்வதி. நான் இலைய வெட்டுன அன்னிக்கே அது போயிருச்சு."

நம்பினாளா என்று தெரியவில்லை. மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அப்போது எனக்குள் ஓடியதைச் சொல்லவா? மரத்தைப் பற்றிய கவலை எப்போதோ போய்விட்டிருந்தது. இனி அவளை வரவழைக்க என்னிடம் என்ன இருக்கிறது? கனடாவில் மேப்பிள் தேசியக் கொடியிலேயே இருக்கிறது. ரோட்டோரமெல்லாம் நிற்கிறதாம். அந்த இலையைக் குப்பையாகக் கூட்டித் தள்ளுகிறார்களாம். மலரே சொன்னதுதான். பிடுங்கி நட்டால் வேர் விடும் என்று திமிராகச் சொன்னேனே... தப்பில்லை. விட்டிருக்கிறது. மரம் இல்லை, மகள். நான் பார்த்துக்கொண்டிருந்த சட்டிதான் வேறு.

நேற்று சாயந்திரம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கிளைகளில் மலர் சுற்றிய கம்பியை மட்டும் பிரித்தெடுத்தேன். இப்போதும் அது கிளையின் வளைவோடேயே இருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

பிறகு ஃபோனை எடுத்தேன். மறைத்து என்ன பயன்? ஃப்ரிட்ஜ், கத்தரிக்கோல், நகம் – எல்லாவற்றையும் எழுதினேன். ஆப்பிளை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கொதிக்க வேண்டும், விமானம் ஏறி வந்து முகத்துக்கு நேராகக் கத்த வேண்டும் என்று, இருக்கும் குற்றத்தோடு கொஞ்சம் கூட்டியே எழுதினேன். கடைசி வரியில், "உன் மரத்தக் கொன்னுட்டேன்மா. தீபாவளிக்கு வந்து ஆசை தீரத் திட்டிட்டுப் போ" என்று போட்டேன். பார்வதி என் தோளுக்குப் பின்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என்னோடு சேர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் உடனே வந்தது.

"ஃபோன்லயே திட்டிக்கிறேன்பா."