பெல்ட் அக்காவும் புது உலையும்

இரும்பாலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெல்ட் அக்கா என்றால்தான் தெரியும். தாதுவையும் கல்கரியையும் உலையின் உச்சிக்கு ஏற்றிப் போகும் நீளமான பெல்ட்டை ஓட்டுகிறவள். அந்த வேலை அவளுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அதே உலையில் ஃபிட்டர். ஒரு மத்தியானம் சாப்பிட உட்காரப் போனவனை, உச்சியில் ஏதோ வால்வு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனான். விஷவாயு கசிந்திருந்தது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தேடிப் போனவர்கள் பார்த்தபோது, கம்பியில் சாய்ந்து அசந்து தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தானாம்.

அவன் வேலைக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அன்றைக்கு மரத்துப்போன மனசு அவளுக்கு. கல்யாணமே வேண்டாம் என்று கூடவே தங்கிவிட்ட நாத்தனார்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

இந்த வருஷம் பழைய உலையை அணைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழும்பியிருந்தது. அதை ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினீயர் பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது.

"இதுல கரியே கிடையாது. காத்துலயும் வெயில்லயும் கரண்ட் எடுத்து, அத வெச்சு தண்ணியப் பிரிச்சா ஹைட்ரஜன். அது தாதுல இருக்குற ஆக்ஸிஜன இழுத்துக்கிட்டு, மறுபடியும் தண்ணியாவே வெளிய வந்துரும். மிச்சம் இரும்பு."

"அப்ப உலையிலயே குளிச்சுட்டு வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லுங்க!" என்றார் கிரேன்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பெல்ட் அக்கா கையைத் தூக்கினாள். "அந்த விஷவாயு இதுல வராதா மேடம்?"

"கரி இல்லாத இடத்துல அது எப்படிக்கா வரும்?" சொன்ன பிறகுதான் கேட்டது யார் என்று இன்ஜினீயருக்கு உறைத்தது. முகம் செத்துப்போய், "ஆனா இந்த ஹைட்ரஜனும் லேசுப்பட்டது இல்லக்கா. தீப்பிடிச்சா பகல்ல கண்ணுக்கே தெரியாது" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

பெல்ட் அக்கா இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத்து கோணவில்லை.

"இத முன்னாடியே செஞ்சிருக்க முடியாதா?" என்று கிரேன்காரர் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"வழி தெரியும்ணே. ஹைட்ரஜன் அப்ப யானை விலை. இப்பத்தான் கட்டுப்படியாகுது."

புது உலை ஓடிய அன்று மேலே வெள்ளையாக ஆவி கிளம்பியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பெல்ட் அக்காவும் தட்டினாள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடவே தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கேட்டாள்: "ஓடுச்சா அண்ணி?"

"ஓடுச்சு. புகையே இல்ல. வெறும் ஆவி."

"அப்ப அந்த வாயு?"

"அதுவும் கிடையாது."

நாத்தனார் வெறித்துப் பார்த்தாள். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இது எங்க போயிருந்துச்சு?"

"அப்ப விலை ஜாஸ்தியாம்."

கத்துவாள் என்று பெல்ட் அக்கா நினைத்தாள். அவள் கத்தவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெல்ட் அக்கா அருகில் உட்கார்ந்து நாத்தனார் முதுகில் கையை வைத்தாள். தனக்கும் அழுகை ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. எழுந்துபோய், மறுநாள் ஷிப்டுக்கு யூனிஃபார்மை எடுத்துத் தேய்த்துவைத்தாள்.