உலையில் தெரிந்த மேடு

தோம்ஸ்க் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை ரிம்மா பவ்லோவ்னாவுடையது. ஒரு ஹைட்ரஜன் மட்டும் கனமாக இருக்கும் தண்ணீர்தான் அவருக்கு உலகம். அது நெருப்பாய்ச் சுடும் நீராவியானால் அதன் வழியே போகும் ஒளியின் நிறமாலையில் எங்கெங்கே கோடு விழும் என்று கணினியில் கணக்கிட்டு அட்டவணை போட்டார். அட்டவணை அச்சாகிப் பாராட்டும் வந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடப் போயிருப்பார்கள்.

கீழ்த்தள உலைக்காரர் தாமிர் அதே நீராவியை நிஜமாகவே சூடாக்கி அளந்தார். அட்டவணையில் ஒன்றுமில்லாத இடத்தில், அவர் அளந்த வளைவில் ஒரு மேடு தெரிந்தது.

"உலையில அழுக்கு. நல்லாச் சுரண்டுங்க" என்றார் தலைவர் வெனியமின் லிவோவிச். தாமிர் சுரண்டிச் சுரண்டிக் கை புண்ணானதுதான் மிச்சம். மேடு போகவில்லை. "புத்தாண்டுக்கு அப்புறமும் இப்படியே இருந்தா உலையை மூடிடலாம்" என்றார் தலைவர்.

ரிம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அழுக்கு உலையில இல்ல, என் அட்டவணையில. பலவீனமான கோடுன்னு நான் வெட்டிப் போட்டேனே, அதுங்கதான் இந்த மேடு."

"அதுக்கெல்லாம் ஏதுங்க சத்து?" என்றார் தலைவர்.

"குளிர்ல இல்லதான். சூட்டுல கோடிக்கணக்குல ஒண்ணா எழுந்துக்கும்."

"அச்சானதை நீங்களே தப்புன்னு சொல்லுவீங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கணினி எப்போ காலியாகும்?"

புத்தாண்டு விடுமுறையில்தான் அது காலியாகும். அந்த நாட்களில் ஆய்வகக் காவல் என் தலையில் விழுந்திருந்தது. சாதாரணத் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் கணக்கைப் பிரித்துப் போடலாம். இது ஒருபக்கக் கனம், அப்படிப் பிரிக்க வராது. கணினி பாதியில் நின்றது. ரிம்மா திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டினார். தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ள இத்தனை பிடிவாதமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் கணவர் ஸ்தெபான் ஒரு கிண்ணம் சாலட்டோடு வந்து நின்றார். "உன் தண்ணிக்காக எனக்குப் பொண்டாட்டி இல்லாத புத்தாண்டா?"

"மயோனைஸ் தூக்கலா இருக்கு. உக்காருங்க, நீங்களும் பாருங்க."

விடுமுறை முடிந்ததும் ரிம்மா புதிய கணக்கின் வளைவைத் தாமிர் அளந்த வளைவின் மேல் வைத்தார். மேட்டின் மேல் மேடு அப்படியே உட்கார்ந்தது.

வெனியமின் லிவோவிச் தொண்டையைச் செருமினார். "திருத்தம் போடுவோம். உங்க பேரைக் கடைசியில போட்டுக்கலாம்."

"முதல்ல போடுங்க. தப்பு என்னுது."

வாசலிலேயே நின்றிருந்த தாமிர் மெல்லக் கேட்டார். "அப்போ என் உலை?"

"உங்க உலை சுத்தம், தாமிர். முதல் நாள்லேர்ந்தே சுத்தம்."

தாமிர் புண் ஆறாத கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, உலையைச் சூடேற்றக் கீழே போனார்.