சாவுப் படக்காரர் எடுத்த கோட்டை

என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் தெருவில் வந்தால் நோயாளி இருக்கிற வீடெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். பொய்யில்லை. ஒருநாள் அவர் உப்பு வாங்கத்தான் போனார். காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா அம்மாள், எழுபது வயசுக்காரி, விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, "அந்த ஆள யாருடி கூப்ட்டது? நான் இன்னும் போவலடி!" என்று மருமகளைப் பார்த்துக் கத்தினாள். அன்றைக்கே காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்காக அவருக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா? கிடையாது.

அவர் போட்டோ பிடிப்பவர். எங்கள் கிறிஸ்துவ வீடுகளில் யாராவது இறந்தால், பெட்டியை முற்றத்தில் வைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, சொந்தபந்தமெல்லாம் பின்னால் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பலபேருக்கு ஆயுசிலேயே அது ஒன்றுதான் படம். அந்த வேலையில் அவரை அடிக்கப் புதுச்சேரியில் ஆளில்லை. பெட்டி நட்டநடுவில் இருக்கும், கால் நுனிகூட வெட்டுப்படாது. "யாரும் அசையாதீங்க, மூச்ச புடிங்க" என்பார். ஊர் அவருக்குச் சாவுப் படக்காரர் என்று பெயர் வைத்தது. அப்புறம் எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் என் அக்கா அகஸ்டினாவின் மகள் ரோசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சொந்த அக்கா! அவளே கடலூரிலிருந்து போட்டோக்காரரை வரவழைக்கப் போவதாகச் சொன்னாள்.

"ஒன் வூட்டுக்காரரு விருந்துக்கு வரட்டும்டி. படம் புடிக்கிற மிஷினு மட்டும் வாணாம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அவர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துபோனார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு வேலை வந்தது. கப்பலில் வருகிறவர்களுக்குத் தபால் அட்டை விற்கிற ஒரு வெள்ளைக்கார மதாம், ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைச் சுவரைப் படம் எடுத்துத் தரச் சொன்னாள். அட்டையில் அவர் பெயரையும் போடுவாளாம்! செத்தவர் இல்லாத படத்தில் அவர் பெயர் வரட்டும், அப்புறம் அக்கா என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று நான் குதித்தேன்.

மடக்குக் காமிரா ஒன்றை இரவல் வாங்கினார். கண்ணாடித் தகடு கிடையாது, பிலிம் சுருள். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பின்னால் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் ஏறிப் போனார். ஆடுகளை விரட்டினார். துணி துவைத்த பெண்களை அப்பால் போகச் சொன்னார். சருகைக்கூடப் பொறுக்கினார். பிறகு சுவருக்கு நேர் எதிரில் நின்று, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழுசாக எடுத்தார். எடுக்கும்போது சுவரைப் பார்த்து, "அசையாதீங்க, மூச்ச புடிங்க" என்றாராம். வண்டி தள்ளியவன் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மதாம் படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நானும் பார்த்தேன். சுவர் நீட்டி நிமிர்ந்து நடுவில் படுத்திருந்தது.

"பொட்டிய மூடி ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் மதாமிடம் ஒரு வாரத் தவணை கேட்டு, மறுபடி ஒரு சுருளோடு விடியற்காலையில் கிளம்பினார். இந்தத் தடவை பக்கவாட்டில் நின்று பார்த்தார். சாய்வெயிலில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாக நிழல் காட்டியது. உடைந்த வளைவு ஒரு ஓரத்துக்குப் போனது, ஒற்றையடிப் பாதை குறுக்கே வந்தது. பாதிச் சுவர் படத்துக்கு வெளியே நின்றது. பிணத்தின் காலை வெட்டிவிட்டதுபோல் இருந்ததாம் அவருக்கு. ஏழு படம் எடுத்தும் அந்தப் பாதைப் பக்கம் வெறிச்சென்று என்னவோ குறைந்ததாம்.

எட்டாவதுக்குக் குறி பார்த்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். கையில் தூக்குவாளி. மனுஷர் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாதையில் நின்று, தூக்குவாளியை உயர்த்திக் காட்டி, "இட்டிலி காஞ்சி போவுது! கோட்டை எங்கியும் ஓடிடாது, வாங்க!" என்று கத்தினேன்.

டக்கென்று விசையை அழுத்திவிட்டார். மறுகணமே முகம் வெளுத்துச் செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞானம், நீ ஏன் படத்துக்குள்ள வந்த?"

"வந்தா என்னா?"

"பதினோரு வருஷமா ஒன்ன ஒரு படம் எடுக்கலியே, ஏன்னு நெனச்ச? நான் எடுக்கறவங்க மண்ணுக்குள்ளதான் போறாங்க. ஊரு சொல்றத நானும் நம்பிட்டேன்டி."

தகடு விலை ஏறிப்போச்சு என்றுதான் இத்தனை வருஷமும் சாக்குச் சொல்லியிருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷர் எனக்காகவா பயந்துகொண்டிருந்தார்!

"அப்ப பாத்துடுவோம். மொதல்ல சாப்பிடுங்க" என்றேன்.

எட்டாவதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் சுருளைக் கழுவுவேன் என்றார். நான்தான் இருட்டறை வாசலில் நின்று முழுசாகக் கழுவ வைத்தேன். மற்ற ஏழிலும் சுவர் முழங்கால் உயரமா பனை உயரமா என்றே தெரியவில்லை. எட்டாவதில் மூலையில் சின்னதாக நான், கை தூக்கியபடி. என்னைப்போல் நான்கு ஆள் உயரத்துக்கு எனக்கு மேலே கோட்டை. மதாம் அதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

அட்டை வருகிறவரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் வறுத்து நான் தும்மினால்கூடச் சிலுவை போட்டார். எனக்கோ ஒரு தலைவலி கிடையாது!

அட்டை கடைக்கு வந்ததும் ரோசா ஒன்று வாங்கித் தன் அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரும்மா, சித்தி ஜம்முனு இருக்காங்க. சித்தப்பா எடுக்கலன்னா நான் கோவிலுக்கே வரமாட்டேன்" என்றாளாம். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, புளி விலையெல்லாம் விசாரித்துவிட்டு, "கடலூர்க்காரருக்கு ஒடம்பு சரியில்லியாம்டி" என்றாள். "அடப் பாவமே" என்றேன் நான்.

கல்யாணப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். எப்படி? பெட்டியைச் சுற்றி நிற்பதுபோலவே, விறைப்பாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவர் என் காதோரம் வந்து, "ஞானம், அன்னிக்கி மாதிரி கத்து" என்றார்.

"சோறு ஆறிப்போவுது, எல்லாரும் வாங்க!" என்று கத்தினேன்.

வரிசை கலைந்தது. ரோசா மாப்பிள்ளை தோளில் கை வைத்துச் சிரித்தாள். அக்கா பந்தலைப் பார்த்து ஓட, படத்துக்குள் பாதிதான் விழுந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் அழுத்தினார்.

கூட்டம் பந்திக்குப் போனபிறகும் ஒருத்தி போகவில்லை. காய்ச்சலில் கத்திய அதே சின்னப்பாப்பா அம்மாள்தான். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு காமிராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னையும் ஒண்ணு எடுப்பா. நடமாடிக்கிட்டு இருக்கறப்பவே எடுத்துடு. மூச்ச புடிக்கணுமா?"

"வாணாம் ஆயா, நல்லா உட்டுக்கிட்டே இருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.