ஷெஃபீல்ட் மேடும் வில்லரே படியும்

போன சனிக்கிழமை நானும் என் சிநேகிதி பரிமளமும் பப் குரோல் போனோம்.

பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள்... முழுவதும் கேளுங்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. பஸ்ஸில் ஏறினால் இளம்பிள்ளைகள் எழும்பி இடம் தருகிற வயது. அதிலும் பரிமளம் முழங்கால் மாற்றிக்கொண்டவள்.

பப் குரோல் என்றால் என்ன? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் – தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி இருங்கள். ஒரு தவறணையில், அதாவது மதுக்கடையில், ஒரு கிளாஸ். எழும்பி நடந்து போய் அடுத்த தவறணையில் இன்னொன்று. கால் சொன்ன பேச்சுக் கேட்கும்வரை இப்படியே... இங்கிலாந்தில் இளசுகளுக்கு அது ஒரு விளையாட்டு.

நாங்களும் அங்கே இளசுகளாக இருந்தோம். நம்பினால் நம்புங்கள்.

ஷெஃபீல்டில் தாதியர் பயிற்சி. ஊரிலிருந்து போன நாலைந்து பெண்கள் நாங்கள். அந்த நகரம் முழுக்க மேடும் பள்ளமும். எங்கள் விடுதி ஒரு மேட்டின் உச்சியில். பப்புகள் சரிவு நெடுக, ஒன்றுக்குக் கீழே ஒன்று. போகும்போது கால் தானாகப் போகும். திரும்பும்போதுதான் விஷயம் விளங்கும்.

பரீட்சை முடிந்தது, சம்பளம் வந்தது, ஒருத்திக்குப் பிறந்தநாள்... ஏதாவது ஒரு சாட்டு. சேலைக்கு மேலே நீளக் கோட்டு. கோட்டுப் பைக்குள் ஊரிலிருந்து வந்த மிக்சர். ஏனென்றால் எங்கள் அண்ணன்மார் கடிக்க ஒன்றும் இல்லாமல் குடித்ததை நாங்கள் கண்டதே இல்லை. அது ஏதோ சட்டம் என்றே நினைத்திருந்தோம்.

முதல் பப்பிலேயே மேசையில் மிக்சரை விரித்தோம். கடைக்காரர் வந்து குனிந்து பார்த்தார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். இருமினார். சிவந்தார். தன் பியரை ஒரே மூச்சில் இழுத்து முடித்தார். இதைக் கிழமைக்குக் கிழமை கொண்டுவாருங்கள், என் வியாபாரம் எங்கேயோ போய்விடும் என்றார்.

நான் குடித்தது ஷாண்டி – பாதி பியர், பாதி லெமனேட். பரிமளம்? ஒறேஞ் ஜூஸ். முதல் பப்பிலும் அதுதான், கடைசி பப்பிலும் அதுதான். பிறகு எதற்கு வந்தாள் என்று கேட்டால், "நீங்கள் தனிய வந்து எங்கையாவது விழுவியள். ஆர் தூக்கிறது?" என்பாள்.

திரும்பும்போது அவள் ஆட்சி. விடுதிக் கதவைப் பூட்டுகிற சிஸ்டர் மேலே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களோ பாதி மேட்டில் மதிலில் சாய்ந்து, இனி ஏலாது என்று சிரித்துக்கொண்டிருப்போம். பரிமளம் மிக்சர் பையோடு முன்னால் போய் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிற்பாள். "இந்தக் கம்பம் மட்டும் வாங்கோ. பேந்து யோசிப்பம்." போனால் ஒரு பிடி மிக்சர். பிறகு அடுத்த கம்பம். இன்னொரு பிடி. மேட்டை ஏறு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை; மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பரிமளம்தான் இப்போது மொன்ட்ரியாலில், வில்லரேப் பகுதியில், ஒரு மேல்வீட்டில் தனியே இருக்கிறாள்.

மொன்ட்ரியால் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உள்ளே வைக்க வேண்டிய படியை வெளியே வைத்து, அதையும் முறுக்குப் பிழிந்த மாதிரி வளைத்து, இரும்பில் செய்து... முழங்கால் ஒபரேஷன் முடிந்து கைத்தாங்கலாக மேலே ஏற்றிவிட்டதோடு சரி. கோடை முழுக்கப் பரிமளம் தானாக இறங்கவில்லை. கால் நல்லாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற பிசியோ பெண்ணும் சொல்லிவிட்டாள். பரிமளத்தின் மனம்தான் இன்னும் சொல்லவில்லை.

ரொறன்ரோவில் மகன் ரமணன். நல்ல பிள்ளை – அதுதான் பிரச்சினை. அம்மாவால் படி ஏறி இறங்க முடியாதென்றால் பனி விழ முன்னம் தன்னோடு கூட்டிப்போவதென்று ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டான். நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்ற் அறைக்குப் புதுப் பெயின்ற்றும் அடித்தாயிற்றாம்.

"படி ஏலாதெண்டு பேஸ்மென்றுக்குக் கூப்பிடுறான். அதுக்குள்ள என்ன, பறந்தே போறது?" என்று பரிமளம் போனில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இஞ்ச நான் ஒரு ஆள். அங்க பார்சல். ஆராவது ஏத்தோணும், ஆராவது இறக்கோணும்."

மற்றவர்கள் கதைக்கும்போது விழுகிற நல்ல பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்க்கிறவள் நான், உங்களுக்குத் தெரியும். இதைப் பொறுக்கக் கை வரவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய கதவில் போய் நின்றேன். பப் குரோல் போகிறேன், வருகிறாயா என்றேன். உனக்கு விசரா என்றாள். "நீ வராட்டி நான் தனியத்தான் போவன். தனியத்தான் திரும்பி வருவன்" என்றேன். பிறகு காலில் போடச் சப்பாத்தைத் தேடினாள்.

இறங்கினோம். நோகிற கால் முதலில், நல்ல கால் பிறகு – பிசியோ பெண் சொன்ன முறை. ஒரு கை கம்பியில், மறு கை என் தோளில். தோள் இன்னும் நோகிறது. தெருவில் கால் பட்டதும், தொலைந்த நகை கிடைத்தவள் மாதிரி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

முதல் நிறுத்தம் மூலை டெப்பனர், அதாவது தெருமுனைச் சில்லறைக் கடை. அங்கே ஒறேஞ் ஜூஸ். கடைக்காரப் பெண் 'போன்ஜூர் மதாம், எங்கே போனீர்கள் இவ்வளவு நாளும்' என்று கேட்டதும் பரிமளம் முழங்காலின் முழுச் சரித்திரத்தையும் ஒப்புவித்தாள் – பாதி பிரெஞ்சில், பாதி கையில். இரண்டாவது, ஒரு கோப்பிக் கடை. அங்கேயும் ஒறேஞ் ஜூஸ். மூன்றாவதுதான் நிஜமான தவறணை. கியூபெக்காரரும் அதைத் தாவேர்ன் என்றுதான் சொல்கிறார்கள். என் காதுக்கு ஏதோ சொந்தக்காரர் கூப்பிடுவது மாதிரி இருக்கும். முந்தி இவற்றுக்குள் பெண்களை விடமாட்டார்களாம். இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் பரிமளம் மெட்ரோவுக்குப் போய் வந்திருக்கிறாள். உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான்.

நான் ஷாண்டி கேட்டேன். பரிமாறுகிறவருக்கு விளங்கவில்லை. பாதி பியர், பாதி லெமனேட் என்று கையால் கிளாசில் கோடு போட்டுக் காட்டினேன். சாம்பாரில் பாயசம் ஊற்றச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். ஆனாலும் கொண்டுவந்தார். இந்த ஊர் பியர் கொஞ்சம் முரட்டுச் சாமான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பிப் படியடிக்கு வந்தோம். பரிமளம் அண்ணாந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. நாளைக்கு ரமணன் வருகிறான்...

நான் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். கைப்பைக்குள் மிக்சர். நான் முன்னால் ஏறி அந்த வளைவில் நிற்பது, அவளைக் கூப்பிடுவது, ஒரு பிடி கொடுப்பது – இதுதான் திட்டம். நல்ல திட்டம், இல்லையா?

மிக்சர் பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வளைவு வந்தது. திரும்பினேன். இரும்புப் படியின் இடைவெளிக்குள்ளால் தெரு தெரிந்தது. தெரு கொஞ்சம் ஆடியது. கால்கள் இரண்டும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தன. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"என்னடி?" என்றாள் பரிமளம் கீழே நின்று.

"ஏலாது."

பிறகு நான் கேட்டது படியின் சத்தம். நல்ல கால், மற்றக் கால். நல்ல கால், மற்றக் கால். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். என் மடியிலிருந்து மிக்சர் பையை எடுத்தாள். என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேலே போய் நின்று திரும்பினாள்.

"இந்தப் படி மட்டும் வா. பேந்து யோசிப்பம்."

போனேன். ஒரு பிடி மிக்சர். அடுத்த படி. இன்னொரு பிடி. கதவைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள் – கேட்காமல் வீட்டுக்குள் வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ரமணன் வந்தான். காரின் பின் சீற்றில் மடித்த அட்டைப்பெட்டிகள். காரை விட்ட இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக பார்க்கிங் பலகைகள். மொன்ட்ரியால் பலகைகளை வாசிக்க பிரெஞ்சு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். அவன் வாசித்தபடி நிற்க, பரிமளம் பல்கனியிலிருந்து கையைக் காட்டியிருக்கிறாள். அவனுக்கு விளங்கவில்லை. சரி என்று இறங்கியே வந்துவிட்டாள்.

"தம்பி, இது இந்த ரோட்டு ஆக்களின்ர பக்கம். நீ எதிர்ப்பக்கம் விடு."

அவன் காரை மாற்றிவிட்டு வந்து, அம்மாவையும் பார்த்தானாம், படியையும் பார்த்தானாம். பனி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான். விழட்டும், பேந்து யோசிப்பம் என்றிருக்கிறாள். பெட்டிகள் மடித்தபடியே ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டன.

நேற்று ரமணன் எனக்குப் போன் எடுத்தான். "அன்ரி, அம்மாவை ஏத்திறதுக்காக நீங்கள் ஏலாத மாதிரி நடிச்சியளாமே. என்ன நடிப்பெண்டு அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா."

நான் மறுக்கவில்லை. ஒரு கிளாஸ் ஷாண்டிக்குக் கால் போனவள் என்பதைவிட, நல்ல நடிகை என்ற பேர் எவ்வளவோ மேல் அல்லவா?